தை முதல் நாளும் இரண்டு விளக்கங்களும்

தை பிறந்தா போதும், சூரியன் வடக்கே திரும்பும் நாளை நம் முன்னோர் துல்லியமாகக் குறித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். கூடவே "அறுவடைத் திருநாள்" என்ற விளக்கமும். சங்கரன்கோவிலில் இருந்து பார்த்தால் இரண்டுமே இடிக்குது.

முதலில் சூரியன். அது வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி 6, 7 வாக்கில். நம் மாதக்கணக்கு நட்சத்திரங்களை வைத்தது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகுகிறது. தை 1-ம் திருப்பமும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால்.

சாட்சி ஊரிலேயே இருக்கு. சங்கரநாராயணர் கோவிலில் லிங்கத்தின் மேல் வெயில் விழுவதாகச் சொல்லும் நாட்கள் மார்ச் 21, 22, 23. சூரியன் நேர் கிழக்கே உதிக்கும் சமயம். பங்குனி 7 வாக்கு. தை 1-ல் திரும்பியிருந்தால் அது மூணு மாசம் கழித்து, சித்திரை 1-ல் அல்லவா வரணும்?

அடுத்து அறுவடை. காவிரிப் பக்கத்துச் சம்பாவுக்கு இது பொருந்தும். நெல்லைச் சீமையின் பிசானம் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கும். அறுப்பு பெரும்பாலும் பின்பனியில்தான்: மாசி, பங்குனி.

அப்போ பொங்கல் பொய்யா? இல்லை. சூரியன் மகர ராசியில் நுழையும் நாள் என்ற பஞ்சாங்கக் காரணம் எல்லா ஊருக்கும் பொதுவாக நிற்கிறது. அறுப்பு ஊருக்கு ஊர் மாறும். டெல்டாவின் கதையையே எல்லாருக்கும் கதையாக்கினால், பிசானம் என்ற சொல்லே நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். என் சண்டை அதுக்குத்தான்.