இலை நறுக்கியவளின் பக்கம்

பேரப்பிள்ளைகள் எழுதும் தாத்தா, பாட்டி கதைகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு. எண்பதாம் கல்யாணத்துக்குச் சிறப்பு மலரே போடுகிறார்கள். அண்மையில் என் கைக்கு வந்த ஒன்றில் முன்னுரையே தீர்ப்பாக இருந்தது: முகம் பார்க்காமல் கட்டிக்கொண்டார்கள், அறுபது வருடம் வாழ்ந்தார்கள், இன்றைய பிள்ளைகள் ஆறே மாதத்தில் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

இந்த எழுத்தால் நன்மை இல்லாமல் இல்லை. களத்துமேடு, வில்வண்டி, முறைகள், பெயர்கள் எல்லாம் பதிவாகின்றன. எங்கள் நாஞ்சில் நாட்டில் தேரூர்ப் பெண்ணைப் பூதப்பாண்டியில் கொடுத்தால் கூடப்பிறந்தவன் வண்டிகட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற தைரியமும் உண்மைதான்.

என் வருத்தம் வெகுநாளையது. நீடித்ததையெல்லாம் நிறைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் கல்யாணம் அசையவே அசையாது என்ற பேச்சு நாஞ்சில் நாட்டு வரலாற்றிலேயே நிற்காது. கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ 1917-18இல் ‘தமிழன்’ இதழில் வந்தது. அதில் பேசுகிறவள் ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி. அன்றைய முறையில் சொத்து, சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குப் போகும். கட்டியவளும் பெற்ற பிள்ளைகளும் உகந்துடைமை என்று கிடைப்பதை வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். பிறந்த வீட்டில் அவளுக்கு உரிமை உண்டுதான். அங்கேயும் பத்தாயத்துச் சாவி காரணவர் இடுப்பில். 1926இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மனைவி மக்களுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்தது. ‘உனக்குச் சம்மதமா?’ என்று பெண்ணிடம் கேட்கும் வழக்கத்தை எந்தச் சட்டமும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவில்லை.

தேரூரில் பிறந்த கவிமணி என்ற ஓர் ஆண், இந்தக் கதையை மனைவியின் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டார். நம் மலர்கள் அதை மறுபடியும் தாத்தாவின் வாய்க்கே கொண்டுபோய்விட்டன. அவர் சொல்கிறார், பேரன் எழுதுகிறான், பாட்டி பக்கத்தில் சிரித்தபடி இருக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பேரனே அர்த்தமும் எழுதிவிடுகிறான்: காதல் என்று.

என் பாட்டா சுசீந்திரம் தேரோட்டத்தில் ஆச்சியைப் பார்த்ததாகச் சொல்வார். வடம், கூட்டம், அவள் தலையில் பிச்சிப்பூ, எல்லாம் வரும். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆச்சியிடம் தனியாகக் கேட்டது ஒரே ஒரு தடவை. முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காலால் துழாவிக்கொண்டே சொன்னாள்:

“அம்மை பன்னெண்டு எலை நறுக்கிட்டு வரச் சொன்னா மக்கா. நாங்க வீட்டுல ஏழு பேருதான். அப்பந்தான் தெரிஞ்சுது, யாரோ வராவன்னு.”

பதினைந்து வயது. தனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதை வாழையிலைக் கணக்கில் தெரிந்துகொண்டிருக்கிறாள். தேரோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் துன்பப்பட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. பாட்டா நல்லவர், கை நீட்டியதில்லை. ஆனால் அறுபது வருடத்தை ஒரு சான்றிதழாக நீட்டுகிறவர்கள், கிளம்பிப் போக அவளுக்கு வேறு இடம் இருந்ததா என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டாமா? போக இடமில்லாதவள் இருந்ததை வைத்து இன்றைய பெண்ணுக்குப் புத்தி சொல்வது அநியாயம்.

அந்த மலரில் தாத்தாவுக்குப் பதினான்கு பக்கம். பாட்டிக்கு ஒரு படம், கீழே ‘உறுதுணை’ என்ற ஒரே சொல்.

ஆச்சி போய்ப் பதினொரு வருடமாகிறது. அந்தப் பன்னிரண்டு இலையைப் போட்ட பிறகு என்ன நடந்தது என்று அன்று முற்றத்தில் நான் கேட்க வாயெடுத்தேன். பாட்டா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவள் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.