சதுர வட்டமும் அடிமுடி காணாச் சோதியும்

ஜான் ஹிக் தொகுத்து 1977ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த 'மனிதனான கடவுள் என்னும் புராணம்' நம் வாசகர்க்குப் புதிய நூலன்று. அதில் அவரே எழுதிய கட்டுரையில் ஓர் ஒப்புமை வருகிறது. நாசரேத்தூர் இயேசு கடவுளும் ஆவார் என்று விளக்கமின்றிக் கூறுவது, தாளில் பென்சிலால் வரைந்த இந்த வட்டம் சதுரமும் ஆகும் என்பதைப் போன்றே பொருளற்றது என்பது அதன் கருத்து. நூலின் ஏனைய பகுதிகளை மறந்தோரும் இவ்வொரு வரியை மறப்பதில்லை. ஆதலின் அதனை மட்டும் எடுத்து ஆராய விழைகின்றோம்.

இல்லாததைப்பற்றிப் பொருளுடனும் உண்மையுடனும் பேச இயலுமா என்பது தமிழுக்குப் பழைய வினா. எல்லாச் சொல்லும் பொருள் குறித்து நிற்கும் என்கிறது தொல்காப்பியப் பெயரியலின் முதல் நூற்பா. அங்ஙனமாயின் 'முயற்கோடு' என்னும் சொல் எதனைக் குறிக்கும்? மணிமேகலையின் 30ஆம் காதையில் அறவண அடிகள் அறுவகை வழக்குகளை உரைக்குமிடத்து, முயற்கோட்டை இல்வழக்கிற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். அதனோடு நில்லாது, முயற்கோடு இல்லாமையால் அதற்குத் தோற்றமும் இல்லை எனல் 'இல்லது சார்ந்த இல்வழக்கு' என்றும் வகுக்கிறார். இல்லாத கோட்டைப்பற்றியே இங்கு ஓர் உண்மை மொழியப்படுகிறது. மைனாங்கின் வட்டச் சதுரத்தை மறுத்துப் பெர்ட்ரண்ட் ரசல் 1905இல் எழுதிய கட்டுரையை நம் மாணாக்கர் தேர்வுக்காகவேனும் படிக்கின்றனர். அறவண அடிகளையோ நூலக அடுக்கிலேயே விட்டுவிடுகின்றனர்.

உரையாசிரியர்களும் இல்பொருளை அஞ்சியதில்லை. பசு புலித்தோல் போர்த்துப் பயிர் மேய்வது உலகில் எங்கும் நிகழ்வதன்று. ஆயினும் 273ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் அதனை இல்பொருளுவமை என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறார். வேடதாரியைப்பற்றிய உண்மை, இல்லாத பசுவினால் விளங்குகிறது. கூர்ந்து நோக்கின் ஹிக் பரிந்துரைப்பதும் ஏறத்தாழ இதுவே. மனிதாவதாரம் என்பது மெய்ம்மைக் கூற்றன்று, இயேசுவின்பால் நம் உள்ளம் கொள்ளும் நிலையை எழுப்பும் புராணமொழி என்பர் அவர். அவ்வாறு கொண்டால் முரண் தீரும். ஆனால் திருச்சபை அறிக்கையிடுவது உவமை அன்று. அதனை உவமையாக்கிக் காப்பது கைவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே இயலாமை என்பதன் வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முயலுக்குக் கொம்பு இல்லை. இருந்திருப்பின் தருக்கம் ஒன்றும் இடிந்துவிடாது. மலடி மகன் என்பது வேறு. (புண்படுத்தும் சொல் இது, தருக்க நூலார் வழக்கென்பதால் மட்டுமே ஆளுகின்றோம்.) மகப்பேறு இல்லாதவளே மலடி என்று இலக்கணம் வகுத்தபின், அவளுக்கு மகன் உண்டெனல் சொல்லும்போதே உடைகிறது. ஹிக்கின் வட்டமும் இவ்வினத்தது.

மூன்றாவது வகையைக் காண, வேங்கிக்காலில் வாழும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்ணாமலை கண்ணெதிரே நிற்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று அதன் உச்சியில் ஏற்றப்படும் சுடர், சிவபெருமான் அடியும் முடியும் காணவொண்ணா அழற்றூணாய் நின்ற புராணத்தை நினைவூட்டுவது. புராணங்களில் முரண்களைச் சுட்டி நகைப்பது நம் பழைய துண்டுப்பிரசுரங்களின் வழக்கமாயிருந்தது. அதற்கு ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதி, நீவிர் எள்ளுவனவற்றிற்கு ஒப்பானவை உம் வேதத்திலேயே உள்ளன என்று விடையிறுத்தார். வட்டச் சதுரம் என்னும் நகைப்பு இன்று நம்மீதே திரும்பியிருக்கையில் நாவலரின் விடை நினைவுக்கு வருவது இயல்பே.

உண்மையில் அழற்றூணில் முரண் யாதும் இல்லை. முடிவற்ற தூண் சதுர வட்டம் அன்று. அளக்க இயலாதது, அவ்வளவே. இதனைக் கல்லில் வடிக்க நேர்ந்த சிற்பியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர் கையிலுள்ள கல்லுக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. சோழர் காலக் கோயில்களில் கருவறையின் மேற்குப் புறமாடத்தில் நிற்கும் இலிங்கோற்பவ மூர்த்தியை நோக்குக: முழங்காலுக்குக் கீழும் முடியின் உச்சியும் தூணினுள் மறைந்திருக்கும். எல்லையின்மையை அவர் செதுக்க முயலவில்லை. எல்லையைக் காட்டாது விட்டார். புராணமும் அவ்வாறே. அடியைத் தேடிய திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார், அது மெய்யுரை. முடியைக் கண்டதாகப் பிரமன் தாழம்பூவைச் சான்றுக்கு அழைத்தார், அது பொய்யுரை. காணவொண்ணாததைப்பற்றியும் மெய்யும் பொய்யும் உண்டு என்பதைக் கதையே ஏற்றுக்கொள்கிறது.

451ஆம் ஆண்டில் கல்சீதோன் சங்கம் கூறியதும் திருமாலின் விடையை ஒத்தது எனலாம். இரு தன்மைகளும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் உள்ளன என்று நான்கு எதிர்மறைகளைச் சொல்லிற்றேயன்றி, அவை எங்ஙனம் கூடின என்று சொல்லவில்லை. எனினும் தூணை அப்படியே கடன் வாங்க நமக்கு உரிமையில்லை. அழற்றூணுக்கு அடியும் முடியும் இல்லை. இயேசுவுக்கு இரண்டும் உண்டு. பெத்லகேமில் பிறந்தார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் மரித்தார். எல்லையற்றவர் எல்லையுற்றார் என்பதே நம் அறிக்கை. ஆகவே ஹிக்கின் வினா இன்னும் நிற்கிறது.

இவ்விடத்தில் லூக்கா துணைபுரிகிறார். எலிசபெத்து மலடி என்று 1:7இல் அவரே கூறுகிறார். 1:36இல் தேவதூதனோ, மலடி என்று அழைக்கப்பட்டவள் கருவுற்றிருக்கிறாள் என்கிறான். தருக்க நூலாருக்கு இலக்கணமாயிருந்த சொல் இங்கே ஊரார் வாய்ச்சொல்லாகிவிட்டது. பொருள் மாறவில்லை, சொல்லின் அதிகாரமே மாறியது. வட்டத்திற்கும் சதுரத்திற்கும் இலக்கணம் வகுத்தவர் நாமே. ஆதலின் அவை ஒன்றாகா என்று ஐயமின்றிக் கூறலாம். கடவுளுக்கு அத்தகைய இலக்கணம் நம்மிடம் உண்டா? உண்டென்று ஹிக் வாதிக்கவில்லை. பென்சிலை எடுத்தபோதே உண்டென்று கொண்டுவிட்டார். ஒப்புமையின் பிழை இதுவே.

ஆனால் 'விளக்கமின்றி' என்று அவர் இட்ட அடைமொழியை நம்மவர் பலர் கண்டுகொள்வதில்லை. இலக்கணமே இல்லாத சொல்லில் எதையும் ஊற்றலாம். ஆகவே விளக்கம் கேட்பது அவர் உரிமை. கேள்வி கடினமாகும்போது பிரசங்க மேடையில் 'இது தேவ இரகசியம்' என்று குரலை உயர்த்துவோர், காணவில்லை என்று ஒப்புக்கொள்வதில்லை, கண்டதாகக் காட்டிக்கொள்கின்றனர். தாழம்பூ அவர்கள் கையிலும் இருக்கிறது.

இனி ஹிக்கின் வட்டத்தினும் கடினமான ஓரிடம் உண்டு. மாற்கு 13:32இல் அந்நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என வருகிறது. யாவும் அறிபவர் ஒன்றை அறியார் எனல் எவ்வகை இயலாமை? முயற்கோட்டின் வகையா, மலடி மகனின் வகையா? கல்சீதோனின் நான்கு எதிர்மறைகள் இதற்கு விடையாகா. இரு தன்மைகளுக்கும் அறிவைப் பங்கிட்டுக் கொடுப்பது பழைய வழி. அவ்வழியே செல்லின் 'பிரியாமல்' என்னும் சொல் நெகிழ்ந்துவிடும்.