கறையான் புற்றுக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பெண்

இயற்கையைப் பார்த்துக் கட்டிய கட்டடம் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் உள்ள ஈஸ்ட்கேட் சென்டர்தான். கதை எல்லோருக்கும் மனப்பாடம். வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் கறையான்கள் புற்றுக்குள் ஒரே வெப்பநிலையை வைத்துக்கொள்கின்றன. அதைக் கண்ட கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ், வழக்கமான ஏசி இல்லாத அலுவலகக் கட்டடத்தை 1996இல் முடித்துக் காட்டினார். மின்சாரத்தில் 90 விழுக்காடு மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. கட்டடமும் நன்றாகத்தான் இருக்கிறது. கதையில்தான் கோளாறு.

கட்டடத்தின் உள்ளமைப்பிலிருந்து தொடங்குவோம். ஒன்பது மாடி கொண்ட இரண்டு நீளப் பகுதிகள். நடுவே கண்ணாடிக் கூரை போட்ட தெரு மாதிரி ஓர் இடைவெளி. மின்விசிறிகள் அந்த இடைவெளியிலிருந்து காற்றை இழுத்து, ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு அடியில் விட்டிருக்கும் பொந்துகளுக்குள் தள்ளுகின்றன. பொந்துக்குள் கான்கிரீட்டைப் பல் பல்லாக வார்த்திருக்கிறார்கள். காற்று உரசிப் போகும் பரப்பு அதனால் கூடும். அங்கிருந்து சன்னலுக்குக் கீழே தரையோரமாக அறைக்குள் நுழையும் காற்று, ஆள் சூட்டையும் கம்ப்யூட்டர் சூட்டையும் வாங்கிக்கொண்டு மேலேறி, வளைந்த கான்கிரீட் கூரையைத் தடவி, 48 புகைபோக்கிகளின் வழியே வெளியேறுகிறது. பகலில் மணிக்கு இரண்டு முறை அறைக்காற்று மாறும். இரவில் பத்து முறை. சூட்சுமம் அந்த இரவில்தான் இருக்கிறது. ஹராரே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,490 மீட்டர் மேலே இருக்கும் ஊர்; பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். இரவுக் காற்று கான்கிரீட்டைக் குளிரவைக்கிறது. மறுநாள் முழுக்க அந்தக் கான்கிரீட் அறையின் சூட்டை உறிஞ்சுகிறது.

இதில் கறையானுக்கு எவ்வளவு பங்கு? அதிகமில்லை. நமீபியாவில் புற்றுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் அவரோடு சேர்ந்து எழுதிய ரூபர்ட் சோரும் 2008இல் விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். புற்றுக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. சுற்றியுள்ள மண்ணின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மேலே எழுந்து நிற்கும் மண்கோபுரம் குளிரூட்டி அல்ல. காற்றின் துடிப்பை வாங்கி மூச்சு மாற்றும் நுரையீரல் போன்ற ஒன்று. 2015இல் ஹண்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, எல். மகாதேவன் மூவரும் தென்னிந்தியாவில் நாம் வரப்போரம் பார்க்கும் இனத்தின் புற்றை அளந்தபோது வேறொரு வழி தெரிந்தது: பகலில் புற்றின் வெளிப்புறம் சூடேறி இரவில் ஆறுகிறது, அந்த ஏற்ற இறக்கமே உள்ளே காற்றைச் சுழற்றுகிறது. நாம் பால் ஊற்றிக் கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்ட புற்றில் இவ்வளவு வேலை நடக்கிறது. ஆனால் அதுவும் கரியமில வாயுவை வெளியேற்றும் வேலைதான், குளிரூட்டும் வேலை அல்ல.

அப்படியானால் ஈஸ்ட்கேட் நிற்பது எதனால்? பியர்ஸோடு வேலை செய்த ஆரூப் நிறுவனப் பொறியாளர்களின் கணக்கினால். 90 விழுக்காட்டு மிச்சம் என்ற எண் ஊரெல்லாம் சுற்றினாலும், பியர்ஸ் தரப்பு சொல்லும் கணக்கு அடக்கமானது: ஹராரேயில் முழு ஏசி போட்ட ஆறு கட்டடங்களின் சராசரியைவிட மொத்த மின்செலவு 35 விழுக்காடு குறைவு. என்னைக் கேட்டால் இந்த 35தான் பெரிய சாதனை. விசிறி, விளக்கு, லிஃப்ட் எல்லாம் சேர்த்த கணக்கு என்பதால் நம்பலாம். மற்றக் கட்டடங்கள் இப்படி ஓர் எண்ணையாவது வெளியே வைக்கின்றனவா? பசுமைச் சான்றிதழ் வாங்கிய நம் ஊர்க் கட்டடங்களிடம் ஓராண்டுக் கரன்ட் பில்லைக் கேட்டுப் பாருங்கள். வரவேற்பறையில் மாட்டிய பட்டயத்தைக் காட்டுவார்கள்.

ஆக, தவறான உயிரியலிலிருந்து சரியான கட்டடம் பிறந்திருக்கிறது. இயற்கையைப் பார்த்து வடிவமைக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கின்றன. ‘புற்று எப்படி மூச்சு விடுகிறது?’ என்று கேட்டதால்தான் ஏசி இல்லாமல் முடியுமா என்று யோசிக்கும் துணிச்சல் வந்தது. கேள்வி பிறக்க இயற்கை உதவும். விடைக்கு அது சாட்சி சொல்லாது. அதற்கு வெப்பமானியும் மீட்டரும் வேண்டும். ஜனைன் பென்யஸ் 1997இல் இயற்கையைப் போலச் செய்தல் பற்றிய தன் நூலை எழுதிய பிறகு இந்தத் துறை வளர்ந்த வேகத்தில், ‘இயற்கையிலிருந்து வந்தது’ என்பதே நிரூபணம் என்று ஆகிவிட்டது.

விடையை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை போதும். மே மாத இரவில் இங்கே வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, ஈரப்பதம் வேறு. கான்கிரீட்டைக் குளிரவைக்க இரவில் குளிர்காற்றே கிடையாது. ஈஸ்ட்கேட்டை அப்படியே பெயர்த்து அண்ணா சாலையில் வைத்தால், புழுங்கிச் சாகவேண்டியதுதான். ஓசூர் மேட்டு நிலத்தில் ஓரளவு எடுபடலாம்.

அடுத்தது செடி. வீட்டுக்குள் இயற்கை என்றதும் உள்அலங்காரக்காரர் முதலில் நீட்டுவது மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, அரேகா பனை. காற்றைச் சுத்தமாக்கும், நாசாவே சொல்லியிருக்கிறது என்பார். நாசா சொன்னது உண்மை. பில் வோல்வர்ட்டன் குழு 1989இல் வெளியிட்ட ஆய்வில் செடிகள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றைக் குறைத்தன. ஆனால் அது காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள். விண்கலத்துக்காகச் செய்த சோதனை அது. நம் வீட்டுக் கதவிடுக்கில் காற்று வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வாரிங்கும் இப்படிப்பட்ட பழைய சோதனைகளைத் திரட்டி 2019இல் மறுகணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்குக் குறைந்தபட்சக் கணக்கிலேயே நூற்றுப் பத்துத் தொட்டிகளுக்கு மேல். கட்டிலை வெளியே போட்டுவிட்டுச் செடியை உள்ளே படுக்கவைக்க வேண்டியதுதான்.

டெல்லியில் கமல் மீட்டலின் பஹர்பூர் வணிக மையம் இதற்கு எதிர்வாதமாகக் காட்டப்படும்: ஏறக்குறைய 300 பேருக்கு 1,200 செடிகள். அங்கே வெளிக்காற்றைத் தண்ணீரில் கழுவி, வடிகட்டியில் செலுத்திய பிறகே உள்ளே விடுகிறார்கள். பாராட்டு மட்டும் செடிக்குப் போய்விடுகிறது.

அதற்காகச் செடியே வீண் என்று சொல்ல வரவில்லை. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட சிறிய ஆய்வுதான் கட்டடத்துக்குள் இயற்கையைக் கொண்டுவரும் துறையின் அஸ்திவாரம். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்த 46 பேர். பாதிப் பேருக்குச் சன்னலில் மரம் தெரிந்தது, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள். கடுமையான வலிநிவாரணியும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரே மருத்துவமனை, ஒரே அறுவை, ஒப்பிட எடுத்துக்கொண்டதோ வெறும் சுவர். இந்தக் குறைகளோடுதான் அதைப் படிக்கவேண்டும். ஆனாலும் அங்கே உதவியது சன்னலுக்கு வெளியே மண்ணில் வேரூன்றி நின்ற மரம் என்பதைக் கவனிக்கவேண்டும். அதற்கு விளக்கும் பம்பும் வேண்டியிருக்கவில்லை.

ஐடி கம்பெனி வரவேற்பறையின் பசுஞ்சுவரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் செடி நிற்க நாளெல்லாம் எரியும் விளக்கு, சொட்டுநீர்க் குழாய், பின்னால் ஊறும் சுவர். இலை பழுத்தால் ஒப்பந்தக்காரரின் ஆள் சனிக்கிழமை வந்து வாடிய தொட்டியை எடுத்துவிட்டு நர்சரியிலிருந்து புதியதைச் செருகிவிட்டுப் போவார். எடுத்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சுவர் எப்போதும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அந்த மனிதரின் கூலிதான். நீடித்த வடிவமைப்பு பற்றிய எந்த அறிக்கையிலும் அவர் வரமாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இயற்கையைப் போலச் செய்யும் முறை தன் பெயருக்கு நியாயம் செய்திருக்கிறது. புது அலமாரிக் கதவைத் திறந்ததும் கண் எரியுமே, அது பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லீ, அலை அடிக்கும் பாறையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் மட்டியைக் கவனித்தார். கேரளக்காரர்கள் கல்லும்மக்காய் என்று வறுத்துத் தின்கிறார்களே, அந்த வகை. ஈரத்திலும் ஒட்டவைக்கும் அதன் புரதத்தின் சூட்சுமத்தைப் பிடித்து, மலிவான சோயாப் புரதத்தை அதே போல மாற்றியமைத்தார். கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் இந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பிளைவுட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பலகையைப் பார்த்தால் மட்டியின் சாயல் துளிகூட இருக்காது. அலைவடிவ வளைவு இல்லை, இலை படம் இல்லை. அறையின் காற்று மட்டும் மாறுகிறது. நம் ஊர் பிளைவுட் கடையில் தண்ணீர் தாங்குமா, மரைன் பிளையா, கறையான் அரிக்காதா என்று மூன்று கேள்வி கேட்பவர், பசை என்ன என்று நான்காவது கேள்வி கேட்பதில்லை. குழந்தையின் அறைக்கு வாங்கும்போதாவது கேட்கலாம்.

கம்பளம் அந்தப் பசுஞ்சுவருக்கும் இந்தப் பிளைவுட்டுக்கும் நடுவே நிற்கிறது. இன்டர்ஃபேஸ் நிறுவனத்துக்காக டேவிட் ஓக்கி காட்டின் தரையைப் பார்த்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாத சதுரங்களாகக் கம்பளத்தை வடிவமைத்தார். எந்தத் திசையிலும் போடலாம், கறைபட்ட ஒரு சதுரத்தை மட்டும் மாற்றலாம், வெட்டி வீசும் துண்டும் குறைவு. நல்ல யோசனை. ஆனால் காட்டில் விழுந்த இலை மக்கி மண்ணாகிறது; நைலான் மக்காது. பழைய கம்பளத்தைத் திரும்ப எடுத்து இழையைப் பிரிக்கும் ஏற்பாட்டையும் அந்த நிறுவனம் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு இல்லாத ஊரில் அது வெறும் இலை வண்ண நைலான்.

செட்டிநாட்டு வீட்டைக் காப்பியடிக்கும் புது வீடுகளிலும் இதே கதைதான். பழைய வீட்டின் முற்றத்தில் சூடான காற்று மேலே போக வழி இருந்தது. தாழ்வாரமும் தடித்த சுவரும் வெயிலை நிறுத்தின. மழை உள்ளே விழுந்து வடிந்தது. இப்போது முற்றத்தைக் கட்டி, ஆத்தங்குடிக் கல் பதித்து, மழைக்கும் குரங்குக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடுகிறார்கள். காற்று போகும் வழி அடைபட்டது, வெயில் இறங்கும் வழி திறந்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அந்த முற்றத்தில் உட்கார முடியாது. அதன் கீழே போட்ட ஊஞ்சல் போட்டோவில் அழகாக இருக்கும்.

அறைக்குள் இருக்கும் உயிரிகளில் முக்கியமானது மனித உடல். இந்த வடிவமைப்பாளர்கள் அதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். நம் உடலுக்கென்று ஒரு குளிரூட்டி இருக்கிறது, வியர்வை. அது வேலை செய்யக் காற்று தோலில் பட வேண்டும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் கேட்டறிந்து உருவாக்கிய இந்திய வெப்பச் சௌகரிய மாதிரி, வெளிநாட்டு விதிநூல்கள் கருதியதைவிட அதிக வெப்பத்திலும் நம்மவர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று காட்டியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம்பெற்றது. ஏசியின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரி என்று 2020 முதல் நடைமுறைக்கு வந்தது. காற்று ஓடும் அறையில் 27, 28 வைத்தாலும் பாதகமில்லை.

காற்றை ஓடவைப்பது சாதாரண மின்விசிறி. பழைய விசிறிக்கு 75 வாட் தேவை. இப்போதைய பிஎல்டிசி விசிறிக்கு முப்பது சொச்சம் போதும். கடலோரத் தமிழ்நாட்டுக்கு வேறெதையும்விட உடலின் போக்கோடு ஒத்துப்போகும் கருவி இதுதான். ஆனால் இயற்கை பாணியில் உள்அலங்காரம் என்று கேட்டுப் போனால் பத்தடி உயரக் கூரையில் முக்காலடிக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இறக்கி, அதில் இலை நரம்பு மாதிரி வளைவு வெட்டி, விளக்குப் பட்டை ஒளித்து வைத்துத் தருகிறார்கள். விசிறி மாட்டினால் டிசைன் கெடும் என்று நாலாபக்கமும் காற்று தள்ளும் கேசட் ஏசி எழுதுகிறார்கள். மதிப்பீட்டுத் தாளில் அந்த ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆகும் தொகையில் வீடு முழுக்க விசிறி மாட்டிவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.