நூலகத் தட்டும் இலக்கிய வரலாறும்: மலையகப் பாடல்களை முன்வைத்து

பல்கலைக் கழக நூலகம் ஆய்வாளருக்கு மூலங்களை வழங்கும் நடுநிலையான களஞ்சியம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்து, தட்டிலிருந்து நூலை எடுத்துவிட்டால் மூலத் தேடல் முடிந்தது என்று கருதுவோர் பலர். ஆனால் ஒரு நூலை எந்த எண்ணின் கீழ் வைப்பது என்ற முடிவினுள், இலக்கியம் எது, இலக்கியமல்லாதது எது என்ற தீர்ப்பும் அடங்கியுள்ளது. இத்தீர்ப்பை விமர்சனத்திற்கு உட்படுத்தாத ஆய்வு அதனையே இலக்கிய வரலாறாகத் திருப்பிச் சொல்கிறது.

மலையக இலக்கியத்தை எடுத்துக் கொள்வோம். மெல்வில் தூயி 1876 இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. கவிதை, நாடகம், நாவல் யாவும் ஆசிரியர் பெயருடன் அங்கே வரிசை பெறுகின்றன. கொழுந்து பறிக்கையிலும் பிள்ளையைத் தாலாட்டுகையிலும் தோட்டத் தொழிலாளர் பாடிய பாடல்களோ பெரும்பாலும் நாட்டார் வழக்காற்றிற்குரிய 398 ஐச் சென்றடைகின்றன. இது சமூக விஞ்ஞானங்களின் பிரிவு. 391 இல் உடை, 392 இல் திருமணம் முதலிய வாழ்க்கைவட்ட வழக்கங்கள், 393 இல் ஈமச் சடங்கு. அதாவது, கங்காணியின் கொடுமையையும் பெரட்டுக் களத்தின் அவமதிப்பையும் பாடிய வரிகள் கவிதைக்கு அருகிலன்றி, உடைக்கும் சடங்குக்கும் அருகில் அமர்கின்றன. பாடியவருக்குப் பெயரில்லை, ஆகவே ஆக்கியோன் இல்லை, ஆகவே அது இலக்கியமில்லை. தனிமனித ஆக்கியோனை அலகாகக் கொண்ட முதலாளித்துவ இலக்கியக் கோட்பாடு இங்கே இலக்கங்களின் வடிவில் செயற்படுகிறது.

இதில் நூலகரைக் குறை கூறுவதற்கில்லை. பல்லாயிரம் நூல்களை ஏதேனும் ஓர் ஒழுங்கில் வைத்தாக வேண்டும். ஆளணிக் குறைவுடன் அதனைச் செய்பவர்கள் அவர்கள். குறை 894.811 உடன் நின்றுவிடும் ஆய்வாளரிடமே உண்டு. மலையகத்தில் அச்சுக்கவிதை தோன்றுமுன் கவிதை மரபே இருக்கவில்லை என்பது போன்ற முடிவுகள் இந்தச் சோம்பலின் விளைவுகளே.

பாடல்களை 398 இல் கண்டெடுத்தாலும் பணி முடிவதில்லை. அவை குறிப்பிடும் கடன், துண்டு முறை, சம்பளப் பிடிப்பு ஆகியவற்றை விளங்கிக்கொள்ளத் தொழிற் பொருளியலின் 331 க்கும், இலங்கையிலிருந்த இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகள் போன்ற அரசாங்க வெளியீடுகளுக்கும் செல்ல வேண்டும். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தகவலை அறியாத வாசகர் ஒரு பாடலின் காலத்தையும் கசப்பையும் எவ்வாறு மதிப்பிட முடியும்? 1850 இல் பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலைக்கு அனுமதிச் சீட்டுப் பெற்ற மார்க்ஸ், ஆளும் வர்க்கத்தின் நிருவாகத் தேவைக்காக எழுதப்பட்ட தொழிற்சாலைப் பரிசோதகர் அறிக்கைகளையே 'மூலதனம்' நூலில் அவ்வர்க்கத்திற்கு எதிரான சான்றுகளாக்கினார். நூல்கள் எந்த நோக்கத்திற்காகத் தொகுக்கப்பட்டனவோ அந்நோக்கத்திற்கு மாறாக அவற்றைப் படிக்கும் இம்முறை நமது இலக்கிய ஆய்வில் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

எந்த எண்ணும் பெறாதவை இவற்றினும் சிக்கலானவை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் அரசியல் நிலை பற்றிப் பாடல்கள் இயற்றி, 1940 இல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். கூட்டங்களிற் பாடப்படுவதற்கென, மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அமைந்தவை அவை. இங்கே ஆக்கியோன் பெயருண்டு, அச்சுமுண்டு. ஆயினும் கட்டப்படாத சில பக்கங்கள் தட்டில் நிற்பதில்லை. அச்சிடப்படும் நூல்களைப் பதிவு செய்து பிரதிகளை ஒப்படைக்க வேண்டுமென்ற கட்டளைச் சட்டம் இலங்கையில் 1885 இலேயே வந்துவிட்டது. எனினும் கூட்டத்தில் கைக்குக் கை மாறும் பிரசுரத்தைப் பேணிக் காப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. வர்க்கமும் பால்நிலையும் ஒன்றுசேர்ந்து ஒருவரை இலக்கிய வரலாற்றிலிருந்து விலக்கியமைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் ஈழத்து இலக்கியத்தில் அரிது.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் இத்தகைய பல வெளியீடுகளைக் கைக்கெட்டச் செய்துள்ளமை பெரும் பேறே. ஆயினும் திரையில் 'கவிதை' என்ற சொல்லைத் தேடுபவருக்குக் கிடைப்பது, பட்டியலிட்டவர் கவிதையென்று குறித்ததே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் திரட்டியபோது எந்தப் பட்டியலும் அவருக்கு வழிகாட்டவில்லை. லயங்களிலேயே அவற்றைக் கேட்டறிந்தார். அத்தொகுப்பு இன்று நூலகத்தில் உண்டு. அது எந்தத் தட்டில் உள்ளதென்பதை ஆய்வு மாணவர் நேரிற் சென்று பார்க்கலாம்.