'கறுப்புப் பெட்டி' என்னும் வசை

புள்ளிவிவரங்களை ஆராயும் கணினி மென்பொருளைக் 'கறுப்புப் பெட்டி' என்று குறை கூறுவது ஆராய்ச்சியாளரிடையே வழக்கமாகிவிட்டது. தமிழருக்கு இச்சொல் விமானத்தையே முதலில் நினைவூட்டும். அந்தப் பெட்டியோ ஆரஞ்சு நிறத்தது. விபத்திற்குப் பின் திறந்து உண்மையறிவதற்கென்றே வைக்கப்படுவது. ஆராய்ச்சியாளர் கூறும் பெட்டி வேறு. அதில் இடுவது தெரியும், வருவது தெரியும். இடையில் நடப்பது தெரியாது. சைபர்னெட்டிக்ஸ் பற்றி ராஸ் ஆஷ்பி 1956-இல் வெளியிட்ட நூலில் இதற்கென ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அது வசைச்சொல் அன்று. திறக்கவியலாத பொருளை அறிவது எவ்வாறு என்னும் வினாவாகும்.

இன்று அதனை வசையாக வழங்குவோர், பூட்டிய பெட்டியையும் திறவாத பெட்டியையும் ஒன்றெனக் கொள்கின்றனர். குற்றவாளி மீண்டும் குற்றம் புரிவானா என்று மதிப்பிடும் 'காம்பஸ்' மென்பொருளின் கணக்கு முறையை, வணிக இரகசியம் என்று கூறி அதன் உரிமையாளர் வெளியிடவில்லை. தண்டனை பெற்ற ஒருவர் இதனை எதிர்த்தபோது, எச்சரிக்கைகளுடன் அம்மதிப்பெண்ணைக் கருதலாம் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. தன்னை நிறுத்த தராசின் படிக்கல்லைக் காண இயலாதவர் அதனைக் கறுப்புப் பெட்டி என்பாராயின், அச்சொல் முற்றும் பொருந்தும்.

காற்று மாசு ஆராய்ச்சியில் நேர்ந்தது அவ்வாறன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர் அமெரிக்காவின் 90 நகரங்களின் இறப்புக் கணக்கை 'எஸ்-பிளஸ்' மென்பொருளால் ஆராய்ந்தனர். ஒரு கன மீட்டர் காற்றில் துகள் 10 மைக்ரோகிராம் மிகுந்தால் இறப்பு 0.41 விழுக்காடு கூடும் என்று விடை வந்தது. அம்மென்பொருள் திரும்பத் திரும்பக் கணித்து, அடுத்தடுத்த விடைகளின் வேறுபாடு போதிய அளவு சிறுத்ததும் நின்றுவிடும். எவ்வளவு சிறுத்தால் போதும் என்பதைப் பயன்படுத்துவோர் கூறாவிடின், தானே ஓர் அளவை வைத்துக்கொள்ளும். அவ்வளவு இந்த ஆராய்ச்சிக்கு மிகத் தளர்வானது. அறிஞர் குழுவினரே 2002-இல் அதனைக் கண்டு, இறுக்கிக் கணித்தபோது விடை 0.27 ஆயிற்று, வேறொரு முறையில் 0.21. மாசு இறப்பைப் பெருக்குகிறது என்னும் முடிவு மாறவில்லை. அளவே ஏறக்குறையப் பாதியாயிற்று. தூய காற்றுக்கு விதி வகுப்போர் இவ்வெண்களை எதிர்நோக்கியிருந்த வேளை அது. பிற குழுவினரும் தம் கணக்கை மீண்டும் போட நேர்ந்தது.

தம் பிழையைத் தாமே வெளியிட்டது பெருந்தன்மைதான். ஆயினும், இங்கே பூட்டு எங்கே? அளவை மாற்றும் வசதி பயன்படுத்துவோர் கையிலேயே இருந்தது. இதனையும் கறுப்புப் பெட்டி என்பது, தொடாத கையின் பழியைப் பெட்டியின்மேல் ஏற்றுவதாகும். மென்பொருளின் பெயரை மட்டும் எழுதி, கணக்கு எவ்வளவில் நின்றது என்பதை எழுதாது விடும் கட்டுரையாளரும் படிப்பவருக்கு ஒரு கறுப்புப் பெட்டியையே தருகிறார்.

மூல நிரலை வெளியிட்டால் இக்குறை தீரும் என்பாரும் உளர். எஸ்-பிளஸைப் போன்றே 'எஸ்' மொழியைத் தழுவிய 'ஆர்' மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம். ஆனால், கூறாவிடின் தானே கொள்ளும் அளவுகள் அதிலும் உள்ளன. அவற்றை நோக்காது போட்ட கணக்கிற்கும் அது விடை தரவே செய்யும்.