மண்டியிட்ட மனிதர்

நூல்கள் மட்டுமே திறனாய்வுக்கு உரியன என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. பொது இடத்தில் நிறுவப்படும் சிலையும் ஒரு நூலே. அதனைப் படைத்தவர், படைக்கச் சொன்னவர், பொருள் கொடுத்தவர், படிப்பவர் எனப் பலர் உளர். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், லிங்கன் பூங்காவில் நிற்கும் அடிமை விடுதலை நினைவுச் சின்னத்தை அவ்வகையில் ஈண்டு நோக்குவோம்.

அவ்வெண்கலச் சிலையில் ஆபிரகாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். வலக்கையில் 1863ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம். இடக்கையோ, காலடியில் ஒரு முழங்காலை ஊன்றியிருக்கும் கறுப்பின மனிதர்மேல் நீண்டிருக்கிறது. அவருடைய தளை அறுந்துவிட்டது; அவர் எழுகின்றார் என்பதே சிற்பி தாமஸ் பாலின் கருத்து. வகுப்பில் ஒருமுறை இதன் படத்தைக் காட்டினேன். "ஐயா, இவர் எழுகிறாரா, வணங்குகிறாரா?" என்று ஒரு மாணவி வினவினாள். அதற்கு மேலான திறனாய்வு வினா ஒன்றை நான் கேட்டதில்லை.

சிலைக்குப் பொருள் கொடுத்தவர்கள், விடுதலை பெற்ற அடிமைகள். 1865இல் உள்நாட்டுப் போர் முடியும் வேளையில் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி கேட்ட சார்லட் ஸ்காட் என்னும் பெண்மணி, விடுதலைக்குப்பின் தாம் ஈட்டிய முதற்பணமாகிய 5 டாலரை ஈந்தார். கறுப்பினப் போர்வீரர்களும் பிறரும் தொடர்ந்து வழங்கினர். ஆனால், சிலையின் வடிவத்தை முடிவு செய்தவர்கள் வெள்ளையர்களே. ஹேரியட் ஹாஸ்மர் என்னும் பெண் சிற்பியின் திட்டமும் அவர்கள்முன் இருந்தது. ஏலத்தில் விற்கப்படும் அடிமை முதல் படைவீரர் வரை, கறுப்பினத்தவரை நின்ற கோலத்திலேயே காட்டிய திட்டம் அது. செலவு மிகுதி என்று கைவிடப்பட்டது. அப்போரில் வடபுலப் படையில் ஏறத்தாழ 180,000 கறுப்பினத்தவர் பணியாற்றினர். எழுப்பப்பட்ட சிலையில் அவர்களின் சுவடே இல்லை.

மண்டியிட்ட அக்கோலமும் புதிதன்று. 1787இல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்தோர் வெளியிட்ட முத்திரையில், விலங்கிட்ட கைகளை உயர்த்தி மண்டியிட்டு மன்றாடும் மனிதரைக் காண்கிறோம். மன்றாடிய காலத்து உருவை, விடுதலை கிடைத்த பின்னும் கையாண்டது சிற்பியின் பெரும்பிழை என்பேன். சிலையில் உள்ள முகம் ஆர்ச்சர் அலெக்சாண்டர் என்பவருடையது. மிசூரி மாநிலத்தில் அடிமையாயிருந்த அவர், தென்புல ஆதரவாளர்கள் பாலம் ஒன்றைச் சிதைக்கத் தீட்டிய சதியை வடபுலப் படைக்கு அறிவித்துவிட்டுத் தப்பியோடியவர். தம் காலால் நடந்து விடுதலையைத் தேடியவரை, சிலை முழங்காலில் நிறுத்திவிட்டது!

1876 ஏப்ரல் 14ஆம் நாள், குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் சிலை திறக்கப்பட்டது. உரையாற்றியவர், அடிமைத்தளையிலிருந்து 1838இல் தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ். மூலத்தோடு மாறுபடத் தயங்காத உரையாசிரியரைப் போல் அவர் பேசினார். லிங்கன் முதற்கண் வெள்ளையரின் தலைவரே. கறுப்பினத்தார் அவருக்கு மாற்றாள் பிள்ளைகளே என்றார். எனினும், அவர் காலத்து மக்களின் மனநிலையோடு ஒப்பிட்டால் லிங்கன் விரைந்தும் உறுதியோடும் செயலாற்றியவர் என்று சொல்லவும் அவர் தவறவில்லை. சில நாள்களில் செய்தித்தாளுக்கு ஒரு மடலும் எழுதினார். இச்சிலை முழு உண்மையைக் கூறவில்லை. கறுப்பினத்தவர் மனிதராய் நிமிர்ந்து நிற்கும் சிலையைத் தாம் இறக்குமுன் காண வேண்டும். பூங்காவில் இன்னொரு சிலைக்கு இடமுண்டு என்பது அதன் சாரம். 2020இல்தான் வரலாற்றாய்வாளர்கள் அம்மடலைக் கண்டெடுத்தனர்.

ஆயினும், அவர் சுட்டிய இடம் அதற்கு முன்பே நிரம்பியிருந்தது. 1974இல் மேரி மெக்லியாட் பெத்யூனின் சிலை அதே பூங்காவில் எழுந்தது. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, 1904இல் கறுப்பினச் சிறுமியர்க்குப் பள்ளி நிறுவிய ஆசிரியை அவர். சிலையில் இரு குழந்தைகளுக்குத் தம் உயிலை நீட்டி நிற்கிறார். அவரை நோக்கியிருக்குமாறு லிங்கன் சிலையையே திருப்பி வைத்தனர்.

பாஸ்டன் நகரிலும் இச்சிலையின் படி ஒன்று 1879 முதல் நின்றது. அதனை 2020 டிசம்பரில் அகற்றிவிட்டனர். அடிமை முறை காக்கப் போரிட்ட தளபதி லீயின் சிலையை ரிச்மண்டில் 2021இல் அகற்றியது வேறு செய்தி. அதற்கு எந்த அடிமையும் மனமுவந்து பொருள் தரவில்லை. பாஸ்டன் மக்களின் மனப்புண்ணை நான் குறைத்துக் கூறேன். எனினும் வாஷிங்டன் கொண்ட வழியே எனக்கு உடன்பாடு. சார்லட் ஸ்காட்டின் 5 டாலரும் அந்த வெண்கலத்தில்தான் இருக்கிறது.