பேஸ் ஒலியில் ஏறிய கவிதை

லண்டன் கவிஞர் லிண்டன் குவெசி ஜான்சனின் முதல் இசைத்தட்டு ‘ட்ரெட் பீட் அண்ட் பிளட்’ 1978இல் வெர்ஜின் நிறுவனத்தின் ஃப்ரண்ட் லைன் முத்திரையில் வெளிவந்தபோது, கலைஞரின் பெயர் ‘பொயட் அண்ட் தி ரூட்ஸ்’ என்று இருந்தது. அதே தலைப்பில் அவருடைய கவிதைத் தொகுப்பு 1975இலேயே அச்சாகிவிட்டது. ஆக, முதலில் சொல், பிறகு இசை. எட்டுப் பாடல்கள், ஏறத்தாழ அரை மணி நேரம். இந்தத் தட்டின் பெருமையும் குறையும் அந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

ஜமைக்காவின் ரெக்கே இசையில் நடைமுறை நேர்மாறு. இசைத்தட்டின் பின்பக்கத்தில் பாடகரின் குரலை நீக்கி, டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் நிற்க, எதிரொலி சேர்த்துத் தருவார்கள். கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அதைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். அந்த வெற்றிடத்தில் யூ-ராய், பிக் யூத் போன்ற டீஜேக்கள் மைக்கைப் பிடித்து, வந்த சொல்லை வந்தபடி தாளத்தில் பேசினார்கள். இசை தயாராக இருந்தது. பேச்சு அந்த நேரத்தில் பிறந்தது. ஜான்சன் இவர்களிடமிருந்துதான் கற்றார். ஆனால் அவர் எழுதுகிறவர். பதினொரு வயதில் லண்டனுக்கு வருவதற்கு முன் ஜமைக்காவில் பாட்டிக்கு விவிலியம் வாசித்துக் காட்டியவர். பிளாக் பாந்தர் இயக்கத்தின் இளைஞர் பிரிவில் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸைப் படித்தவர். நியூயார்க்கின் ‘லாஸ்ட் பொயட்ஸ்’ குழு பறையடித்துக் கவிதை சொல்வதைத் தட்டில் கேட்டவர். ‘ராஸ்தா லவ்’ என்ற குழுவில் முரசுகளோடு தானே வாசித்துப் பழகியவர். இத்தனையும் சேர்ந்ததால் அவருடைய வரிகளுக்குள்ளேயே பேஸ் ஓடுகிறது. வாத்தியம் இல்லாமல் படித்தாலும் கேட்கிறது.

‘ஃபைவ் நைட்ஸ் ஆஃப் பிளீடிங்’ இந்த முறையின் உச்சம். லண்டனின் பிரிக்ஸ்டன் தெருவிலும் ரெயின்போ அரங்கிலும் இரவுக்கு இரவு கத்தி எடுக்கும் கறுப்பின இளைஞர்களைப் பற்றியது. அந்தக் கத்தி பெரும்பாலும் தன் இனத்தவன் மீதே பாய்கிறது. காவல்துறையையும் இனவெறியையும் சாடிக் கைதட்டல் வாங்குவது எளிது. ஒடுக்கப்பட்டவர்களின் சினம் உள்நோக்கித் திரும்புவதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஜான்சன் சொல்கிறார், அதுவும் குரலை உயர்த்தாமல். ரெக்கேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் அடி வெறுமையாக விடப்பட்டு, மூன்றாம் அடியில் கனம் விழும். பாடகர்கள் இந்த இடைவெளியை ராகத்தால் இட்டு நிரப்புவார்கள். ஜான்சன் பாடுவதில்லை. தாழ்ந்த, ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும் குரலில் சொற்களை எடுத்துவைக்கிறார். மெட்டு முழுவதையும் பேஸ் சுமக்கிறது, அச்சத்தை எதிரொலி சுமக்கிறது. சாட்சி சொல்பவரின் நிதானம் குரலில் இருப்பதால் ரத்தம் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது. இதையே ஒருவர் உருகிப் பாடியிருந்தால் நமக்கு அழுகை வந்திருக்கும், நடுக்கம் வந்திருக்காது.

எல்லாப் பாடலும் இப்படி இல்லை. ‘ஆல் வி டூயின் இஸ் டிஃபெண்டின்’ ஊர்வலத்துக்கு ஏற்றது. தாளை எடுத்துப் படித்தால் மெலிந்து நிற்கிறது. சொல் விட்ட இடத்தைத் தாளம் மூடுகிறது. கேட்பவர் தலையசைக்கிறார், அந்தத் தலையசைப்பு கருத்துக்கா தாளத்துக்கா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. எழுதிய கவிதையை ரெக்கேயில் ஏற்றுவதன் உண்மையான ஆபத்து இதுதான். பக்கத்தில் கவிதைக்கு நிறுத்தங்கள் உண்டு, வாசகர் நின்று யோசிக்கலாம்; சீரான தாளம் நிற்க விடாது. பிராட்ஃபோர்டில் பொய்வழக்கில் சிறைப்பட்ட ஜார்ஜ் லிண்டோவுக்காக எழுதிய ‘இட் ட்ரெட் இன்னா இங்லான்’ பாடலையும் கறுப்பின உரிமைப் போராளி டார்கஸ் ஹோவுக்கான ‘மேன் ஃப்ரீ’யையும் அதே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஒரு மனிதனை மீட்கும் போராட்டத்தின் கருவிகள் அவை, அந்த வேலையை நேர்மையாகச் செய்தன. ஆனாலும் பின்னணி அறியாத இன்றைய காதுக்கு அவை பாதிதான் எட்டும்.

பெரிய குறை வேறொன்று. தட்டு நெடுகப் பேசுவது ‘நாம்’. அந்த ‘நாம்’ இளைஞர்கள், ஆண்கள், தெருவில் நிற்பவர்கள். வீட்டுக்குள் காத்திருக்கும் தாய்க்கோ, வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ இதில் குரல் இல்லை. ரெக்கே வரிகளை ஜமைக்க ஏழைகளின் வரலாற்று ஆவணமாக ஆராய்ந்து ஜான்சன் 1976இல் எழுதிய கட்டுரை, ஈழத் தமிழரான அ. சிவானந்தன் லண்டனிலிருந்து நடத்திய ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழில் வந்தது. ஒரு மக்களின் முழு வாழ்வையும் பாட்டு தாங்க முடியும் என்று அறிந்திருந்தவர் தன் முதல் தட்டில் அதில் பாதியை வெளியே நிறுத்தியதால்தான் இக்குறை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டே, இசைத் தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல் துணையோடு, ‘ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி’ தட்டின் ‘சோனிஸ் லெட்டா’வில் அவர் இதற்கு வழி கண்டார். வெறும் சந்தேகத்தின் பேரில் கைதுசெய்ய இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்களுக்கு இடம் கொடுத்தது. அப்படிப் பிடிபட்ட தம்பியைக் காக்கப்போய்க் கொலைக்குற்றம் சுமந்த சோனி, பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து அம்மாவுக்கு எழுதும் கடிதம் அது. ‘நாம்’ போய் ‘நான்’ வந்துவிட்டது. தம்பியைப் பார்த்துக்கொள்வதாக அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க முடியாமல் போனதை ஒரு மகன் சொல்வதால், அந்தச் சட்டத்தைக் கண்டிக்கும் தனி வரி எதுவும் அங்கே தேவைப்படவில்லை.